வெறும் கூடு அல்ல: எஸ்எஸ்டி என்க்ளோஷர் பற்றிய ஒரு தவறான நம்பிக்கைக்கு மறுப்பு

மேசைக் கணினியில் இடம் தீர்ந்துவிட்டால் ஒரு எஸ்எஸ்டியை வாங்கி, என்க்ளோஷர் ஒன்றுக்குள் பூட்டி, யுஎஸ்பி கேபிளால் இணைத்துக்கொள்வது இன்று பரவலான வழி. இந்த வழியில் இறங்குகிறவருக்குக் கடைக்காரரும் நண்பரும் காணொளி விமர்சகரும் ஒரே அறிவுரையைத் தருகிறார்கள்: பணத்தை எஸ்எஸ்டியில் போடு, என்க்ளோஷர் வெறும் கூடுதான், இருப்பதிலேயே மலிவானதை வாங்கு. இந்த அறிவுரை தவறு. எஸ்எஸ்டி தரும் வேகத்தில் எவ்வளவு கணினிக்கு வந்து சேரும், வேலை நடுவில் இணைப்பு அறுபடுமா, எழுதிய கோப்பு முழுதாக இருக்குமா என்ற மூன்றையும் பெருமளவு தீர்மானிப்பது என்க்ளோஷர். பணத்தின் வரிசை தலைகீழாக்கப்பட்டிருக்கிறது.

அந்தக் கருத்தின் பக்கம் உள்ள நியாயத்தை முதலில் முழுதாகச் சொல்லிவிட வேண்டும். தகவல் தங்குவது எஸ்எஸ்டியின் ஃபிளாஷ் சிப்புகளில். என்க்ளோஷரில் ஒரு பைட்கூடத் தங்குவதில்லை. அது பழுதானால் எஸ்எஸ்டியைக் கழற்றி வேறொன்றில் மாட்டிக்கொள்ளலாம். ஆகவே நீண்ட நாள் பயன்படும் பொருளில் செலவு செய்வதும் எளிதில் மாற்றக்கூடிய பொருளில் சிக்கனம் பிடிப்பதும் புத்திசாலித்தனம். மேலும், விலை குறைந்த என்க்ளோஷர் பெட்டியின் மேலும் விலை கூடிய பெட்டியின் மேலும் 10 ஜிபிபிஎஸ் (வினாடிக்கு 10 கிகாபிட்) என்ற ஒரே எண்தான் அச்சிட்டிருக்கிறது. ஒரே எண்ணுக்கு எதற்கு இரண்டு மடங்கு விலை? இப்படிப் போகிறது வாதம்.

ஒரு காலத்தில் இது சரியாகவும் இருந்தது. மடிக்கணினியிலிருந்து கழற்றிய இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க்கை ஒரு பிளாஸ்டிக் கேஸில் போட்டுப் பயன்படுத்திய நாட்களில், அந்த டிஸ்க்கே வினாடிக்கு 100 மெகாபைட்டைச் சற்றுத் தாண்டினால் பெரிது. 2008-இல் வரையறுக்கப்பட்ட யுஎஸ்பி 3.0-இன் 5 கிகாபிட் வழி அதற்கு மூன்று நான்கு மடங்கு அகலம். எந்தச் சிப் வைத்த எந்தக் கேஸும் அந்த வேலையைச் செய்தது. வெப்பமும் பெரிய கவலையாக இல்லை. பிறகு என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டி வந்தது. உள்ளே போகும் பொருளின் வேகம் ஐம்பது அறுபது மடங்கு கூடியது. அறிவுரை மட்டும் ஹார்ட் டிஸ்க் காலத்திலேயே நின்றுவிட்டது.

1. கூடு என்றால் உள்ளே எதற்கு ஒரு சிப்?

எந்த யுஎஸ்பி என்க்ளோஷரைத் திறந்தாலும் உள்ளே பச்சையோ கறுப்போ நிறத்தில் ஒரு சிறு பலகை, அதில் ஒரு பிரிட்ஜ் சிப். என்விஎம்இ எஸ்எஸ்டிக்குத் தெரிந்தது பிசிஐஇ வழி. கணினியின் போர்ட் பேசுவது யுஎஸ்பி. ஒன்று சொல்வது மற்றொன்றுக்கு நேரடியாகப் புரியாது. கணினியிலிருந்து யுஎஸ்பி வழியாக வரும் ஸ்கஸி கட்டளைகளை என்விஎம்இ கட்டளைகளாக மாற்றி, வரும் விடையைத் திரும்ப மாற்றித் தரும் துபாஷி அந்தச் சிப். துபாஷி தப்பாகச் சொன்னால் இரு பக்கத்தாரும் எவ்வளவு திறமைசாலிகளாக இருந்தும் பயனில்லை.

இந்தச் சிப்புகளைச் செய்வோர் சிலரே. 10 கிகாபிட் என்விஎம்இ பெட்டிகளில் ஜேமைக்ரானின் ஜேஎம்எஸ்583, ஏஎஸ்மீடியாவின் ஏஎஸ்எம்2362, ரியல்டெக்கின் ஆர்டிஎல்9210 ஆகியவை அடிக்கடி காணப்படுகின்றன. 20 கிகாபிட்டுக்கு ஏஎஸ்எம்2364. 40 கிகாபிட் யுஎஸ்பி4-க்கு ஏஎஸ்எம்2464பிடி. ஒவ்வொன்றுக்குள்ளும் தனி ஃபர்ம்வேர் ஓடுகிறது. அந்த ஃபர்ம்வேரில் பிழை இருக்கலாம். திருத்தப்பட்ட பதிப்பும் வரலாம். அதைத் தன் தளத்தில் தேடி எடுக்கும்படி வைக்கிற நிறுவனமும் உண்டு, விற்றதோடு மறந்துவிடுகிற நிறுவனமும் உண்டு. விலை வித்தியாசத்தின் ஒரு பகுதி இங்கேதான் இருக்கிறது.

மொழிமாற்றத்திலும் இரண்டு வகை. பழைய முறையான பல்க் ஒன்லியில் ஒரு கட்டளை முடிந்த பிறகே அடுத்தது போகும். யுஏஎஸ் என்ற புதிய முறையில் பல கட்டளைகளை வரிசையாக நிறுத்தி, முடிந்ததை முடிந்த ஒழுங்கில் வாங்கிக்கொள்ளலாம். விண்டோஸ் 2012-இல் வந்த தன் 8-ஆம் பதிப்பிலிருந்து இதை ஆதரிக்கிறது. பெரிய திரைப்படக் கோப்பு ஒன்றை நகலெடுக்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் குறைவாகத் தெரியலாம். ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் உள்ள புகைப்படத் தொகுப்பையோ நிரல் கோப்புறையையோ திறக்கும்போது வித்தியாசம் நன்றாகத் தெரியும். அன்றாட வேலையில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகைதான். ஆனால் பெட்டியின் மேல் அச்சிட்ட எண் முதல் வகையை மட்டுமே சொல்கிறது.

யுஏஎஸ் இருக்கிறது என்று எழுதியிருந்தாலே போதுமா? போதாது. அதைத் தவறாகச் செயல்படுத்திய பெட்டிகளுக்காகவே லினக்ஸ் கெர்னலில் ஒரு விதிவிலக்குப் பட்டியல் பராமரிக்கப்படுகிறது. எந்தெந்தச் சாதனத்தோடு யுஏஎஸ் பேசக்கூடாது, எந்தெந்தக் கட்டளையை அனுப்பக்கூடாது என்று வரிவரியாக அதில் இருக்கிறது. 2019-இல் ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினி யுஎஸ்பி 3.0 போர்ட்டுகளோடு வந்தபோது, சிலவகைப் பிரிட்ஜ் சிப் கொண்ட கேஸ்களை மாட்டியவர்கள் இணைப்பு தடுமாறுவதைக் கண்டு, யுஏஎஸ்ஸைக் கையால் அணைத்து வேகத்தை விட்டுக்கொடுத்துத்தான் ஓட்ட முடிந்தது. அவர்கள் எஸ்எஸ்டியில் எந்தக் குறையும் இல்லை. வெறும் கூடு ஒன்றுக்காக இயங்குதளத்தின் கெர்னலில் யாரும் விதிவிலக்கு எழுத மாட்டார்கள்.

2. எஸ்எஸ்டியின் வேகத்துக்குக் கொடுத்த பணம் எங்கே போகிறது?

கணக்குப் போட்டுப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். 5 கிகாபிட் யுஎஸ்பியில் ஒவ்வொரு 8 பிட் தகவலும் 10 பிட்டாக அனுப்பப்படுகிறது. ஆகவே வினாடிக்கு 500 மெகாபைட்டே உச்ச வரம்பு, நடைமுறையில் 400 முதல் 450 வரை. 2013-இல் வந்த 10 கிகாபிட் முறையில் 128 பிட்டுக்கு 132 பிட் என்பதால் வீணாவது குறைவு. நடைமுறையில் 1000 மெகாபைட் அளவுக்குக் கிடைக்கும். 20 கிகாபிட்டில் சுமார் 2000. தண்டர்போல்ட் 3-இன் பழைய கட்டுப்படுத்திகள் 40 கிகாபிட் என்று சொல்லிக்கொண்டாலும், அதில் சேமிப்புக்கு ஒதுங்கும் பிசிஐஇ பங்கு 22 கிகாபிட்தான். எனவே 2800 மெகாபைட்டை ஒட்டி நின்றுவிடும். ஏஎஸ்எம்2464பிடி போன்ற யுஎஸ்பி4 சிப், தகுந்த போர்ட்டோடு சேர்ந்தால் 3700 மெகாபைட்டைத் தொடுகிறது.

இப்போது அறிவுரையைப் பின்பற்றுகிறவரின் கொள்முதலைப் பார்க்கலாம். சாம்சங் 990 ப்ரோ போன்ற ஒரு எஸ்எஸ்டியின் அறிவிக்கப்பட்ட வாசிப்பு வேகம் வினாடிக்கு 7450 மெகாபைட். அதை மலிவான 10 கிகாபிட் பெட்டியில் போட்டால் கிடைப்பது 1000. கொடுத்த வேகத்தில் ஏழில் ஆறு பங்கு பெட்டிக்குள்ளேயே முடங்கிவிடுகிறது. இவர் பாதி வேகமுள்ள, விலை குறைந்த, பிசிஐஇ 3.0 வகை எஸ்எஸ்டியை வாங்கியிருந்தாலும் அதே 1000-தான் கிடைத்திருக்கும். மிச்சப் பணத்தில் நல்ல பெட்டியும் கைக்கு வந்திருக்கும். "பணத்தை எஸ்எஸ்டியில் போடு" என்பது சிக்கனம் போலத் தோன்றினாலும் வீண்செலவுக்கே வழிகாட்டுகிறது.

சின்னக் கோப்புகளின் கதை இன்னும் மோசம். என்விஎம்இ விவரக்குறிப்பு 65,535 கட்டளை வரிசைகள் வரை அனுமதிக்கிறது. யுஎஸ்பி வழியில் வரும்போது அந்த அகலமெல்லாம் பிரிட்ஜ் சிப்பின் ஒற்றைக் கதவுக்குள் சுருங்கிவிடுகிறது. 4 கிலோபைட் துண்டுகளாக ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கும்போது, கணினிக்குள் நேரடியாகப் பூட்டிய நல்ல எஸ்எஸ்டியே நூறு மெகாபைட்டைத் தொடத் திணறும். யுஎஸ்பியில் அது இன்னும் இறங்கும். அங்கே 7450 என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை.

எஸ்எஸ்டியின் தேர்வு முக்கியமே இல்லை என்பதல்ல இதன் பொருள். முக்கியம், ஆனால் விளம்பர எண்ணில் அல்ல. நீண்ட நேரம் எழுதும்போது அது எப்படி நடந்துகொள்கிறது என்பதில். பல எஸ்எஸ்டிகள் தங்கள் ஃபிளாஷின் ஒரு பகுதியை வேகமான தற்காலிக இடமாக வைத்துக்கொள்கின்றன. அது நிரம்பியதும் உண்மை வேகம் வெளியே வரும். ஒரு செல்லில் நான்கு பிட் வைக்கும் க்யூஎல்சி வகையைச் சேர்ந்த சாம்சங் 870 க்யூவிஓ-வின் 1 டெராபைட் மாதிரி, 42 கிகாபைட் எழுதிய பிறகு வினாடிக்கு 80 மெகாபைட்டுக்கு இறங்குகிறது. நிறுவனத்தின் விவரத்தாளே இதைச் சொல்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கைவிடக் குறைவு அது. வீடியோ தொகுப்பவருக்கு ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகையே ஏற்றது. அந்தத் தேர்வுக்கு ஏழாயிரம் மெகாபைட் விலை கொடுக்க வேண்டியதில்லை.

3. ஒரே எண் என்றால் ஒரே வேகமா?

பெட்டியின் மேல் உள்ள எண் அந்தப் பெட்டியால் முடிந்த உச்சம் மட்டுமே. கிடைக்கப்போவது போர்ட், கேபிள், பிரிட்ஜ், எஸ்எஸ்டி என்ற நான்கில் மிகக் குறைந்தது. இதை மறைப்பதில் பெயர்க் குழப்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 2008-இல் யுஎஸ்பி 3.0 என்று வந்த அதே 5 கிகாபிட், பிறகு 3.1 ஜென் 1 ஆனது, அப்புறம் 3.2 ஜென் 1 ஆனது. ஆகவே "யுஎஸ்பி 3.2" என்று பெட்டியில் போட்டிருந்தால் அது 5, 10, 20 ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். யுஎஸ்பி தரத்தை நடத்தும் அமைப்பே 2022-இல் இந்தப் பெயர்களை விட்டுவிட்டு கிகாபிட் எண்ணை மட்டும் அச்சிடும்படி கேட்டுக்கொண்டது. பல பெட்டிகள் இன்னும் பழைய பெயர்களோடுதான் விற்கின்றன.

20 கிகாபிட் பெட்டிதான் அதிகம் ஏமாற்றம் தருவது. 10-ஐ விட 20 பெரிது, 40-ஐ விட விலை குறைவு, எனவே நடுவில் இருப்பதை வாங்கு என்கிறார்கள். அந்த 20 கிகாபிட், இரண்டு 10 கிகாபிட் பாதைகளைச் சேர்த்து ஓட்டும் ஒரு தனி முறை. கணினியின் போர்ட்டும் அதே முறையை ஆதரித்தால்தான் வேலை செய்யும். 2024-இல் வந்த எம்4 மேக் மினியைப் பார்க்கலாம்: பின்புறம் 40 கிகாபிட் தண்டர்போல்ட் 4 போர்ட் மூன்று, முன்புறம் 10 கிகாபிட் போர்ட் இரண்டு. இந்த ஐந்தில் எதில் மாட்டினாலும் 20 கிகாபிட் பெட்டி 10-க்கு இறங்கிவிடும், ஏனெனில் ஆப்பிள் அந்த இரட்டைப் பாதை முறையைத் தரவில்லை. 40 கிகாபிட் போர்ட்டில் 20 கிகாபிட் பெட்டி 10-ஆக ஓடுவது முரணாகத் தெரிந்தாலும், முறை பொருந்தாவிட்டால் அதுதான் நடக்கும். விண்டோஸ் கணினிகளிலும் யுஎஸ்பி4 போர்ட் இருந்தால் 20 கிகாபிட் முறை கட்டாயம் இருக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. தரத்தில் அது விருப்பத்துக்கு விடப்பட்டது. எதிர்த்திசையிலும் ஒரு பள்ளம் உண்டு: பழைய தண்டர்போல்ட் 3 பெட்டிகளில் பல, யுஎஸ்பி மட்டும் உள்ள போர்ட்டில் மாட்டினால் இயங்கவே இயங்காது.

மேசைக் கணினிக்கே உரிய இன்னொரு கண்ணி கேபினெட்டின் முன்பக்கத்தில் இருக்கிறது. கைக்கு எட்டும் போர்ட் அதுதான் என்பதால் எல்லோரும் அங்கேதான் மாட்டுகிறார்கள். முன்பக்கத்து நீல டைப்-ஏ போர்ட்டுகள் மதர்போர்டில் 19 பின் கொண்ட ஒரு ஹெடரில் இருந்து உள்கேபிள் வழியாக வருபவை. அந்த இணைப்பு 5 கிகாபிட்டுக்கானது. பின்பக்கத்தில் 10 அல்லது 20 கிகாபிட் டைப்-சி போர்ட் சும்மா கிடக்க, முன்னால் பாதி வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

கேபிளையும் சொல்ல வேண்டும். டைப்-சி முனை பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிறது. ஆனால் போனோடு வரும் சார்ஜிங் கேபிள் பெரும்பாலும் 480 மெகாபிட் யுஎஸ்பி 2.0 தான், அதில் மாட்டிய எந்த எஸ்எஸ்டியும் வினாடிக்கு 40 மெகாபைட்டோடு நின்றுவிடும். 40 கிகாபிட்டுக்குச் சாதாரண கேபிள் 80 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. மேசைக்கு அடியில் கணினியையும் மேலே பெட்டியையும் வைத்துக்கொண்டு இரண்டு மீட்டர் கேபிள் தேடுகிறவர் அந்த நீளத்துக்கென்றே சான்று பெற்ற தண்டர்போல்ட் 4 கேபிளுக்கு விலை கொடுக்கத் தயாராக வேண்டும். பெட்டியோடு வரும் குட்டையான கேபிளைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்வது நல்லது.

ஆகவே தேர்வு தொடங்க வேண்டிய இடம் கணினியின் பின்பக்கம். அங்கே உள்ள போர்ட் எது என்று மதர்போர்டின் கையேட்டில் பார்த்து, அதற்குப் பொருந்தும் பெட்டியை முடிவு செய்து, அந்தப் பெட்டிக்குத் தேவையான அளவு மட்டும் வேகமுள்ள எஸ்எஸ்டியைக் கடைசியில் வாங்க வேண்டும். பரவலான அறிவுரை இந்த வரிசையை முழுக்கத் திருப்பிப் போடுகிறது.

4. வெப்பத்தை யார் வெளியேற்றுவது?

22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரு எம்.2 எஸ்எஸ்டி, வேலை மும்முரத்தில் ஐந்து வாட், சில மாதிரிகளில் அதற்கும் மேல் இழுக்கும். பிரிட்ஜ் சிப் தன் பங்குக்கு ஒன்றிரண்டு வாட்டைச் சேர்க்கும். இரண்டும் காற்றோட்டமில்லாத ஒரு சிறு பெட்டிக்குள் அடைபட்டிருக்கின்றன. வெப்பம் வெளியேற ஒரே வழி, எஸ்எஸ்டியின் மேல் ஒட்டிய தெர்மல் பேட் வழியாகப் பெட்டியின் உலோகச் சுவருக்குப் போவது. அந்தச் சுவர் பிளாஸ்டிக்காக இருந்தால் வழி அடைபட்டது. அலுமினியமாக இருந்தும் பேட் மெல்லியதாகிச் சுவரைத் தொடாமல் நின்றால் அதே நிலைதான். எஸ்எஸ்டியின் கட்டுப்படுத்திச் சிப் எழுபது எண்பது டிகிரியை எட்டியதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் நிமிடம் 1000 மெகாபைட்டில் பறந்த நகலெடுப்பு பத்தாவது நிமிடத்தில் ஊர்ந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே ஊரின் வெயிலையும் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். எஸ்எஸ்டிகளின் ஆயுளை அளக்கும் ஜெடெக் தரத்தில், வீட்டு உபயோக எஸ்எஸ்டிக்கு எடுத்துக்கொண்ட நிலை: நாளுக்கு 8 மணி நேரம் 40 டிகிரியில் இயக்கம், மின்சாரம் இல்லாமல் வைத்திருந்தால் 30 டிகிரியில் ஓர் ஆண்டு தகவல் நிலைப்பது. மே மாதத்துச் சென்னையில் வெளியே 40 டிகிரி அடிக்கும்போது குளிர்சாதனம் இல்லாத அறைக்குள் மேசைமேல் கிடக்கும் பெட்டி, வேலை தொடங்கும் முன்பே அந்த எல்லையின் ஓரத்தில் நிற்கிறது. குளிர்நாட்டு ஆய்வகத்தில் அளந்த வெப்பநிலையைக் காட்டும் விமர்சனங்களை இங்கே அப்படியே நம்பி வாங்க முடியாது.

பென் டிரைவைப் போல ஐந்து நிமிடம் மாட்டிக் கழற்றுகிறவருக்கு இது பொருட்டல்ல. மேசைக் கணினியின் சேமிப்பை விரிவாக்குகிறவர் அதை நாள் முழுதும் மாட்டியே வைத்திருப்பார். அவருக்கு ஏற்றது கனமான அலுமினிய உடல், வரிப்பள்ளங்கள் உள்ள மேற்பரப்பு, சரியான தடிமனில் தெர்மல் பேட். 40 கிகாபிட் பெட்டிகளில் சிலவற்றில் குட்டி மின்விசிறி வைக்கிறார்கள். அது குளிர்விக்கும், ஆனால் அமைதியான அறையில் கீச்சிட்டுக்கொண்டே இருக்கும், தூசு படிந்தால் முதலில் பழுதாவதும் அதுதான். விசிறியில்லாத பெரிய பெட்டியே மேல். விழுந்தால் அடிபடாமல் இருக்கத் தரும் ரப்பர் உறை மேசைமேல் தேவையில்லை. போர்வை போர்த்தியது போல வெப்பத்தைப் பிடித்து வைக்கும், கழற்றிவிடலாம்.

வெப்பத்தைப் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம் என்பவருக்கு ஒரு மாற்றும் உண்டு. படங்கள், பாடல்கள், பழைய கோப்புகள் ஆகியவற்றைச் சேர்த்து வைக்க மட்டும் இடம் தேடுகிறவருக்கு இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டியும் யுஏஎஸ் உள்ள எளிய பெட்டியும் போதும். பெட்டியின் யுஎஸ்பி வேகத்தைப் பொறுத்து 400 முதல் 540 மெகாபைட் வரை தரும்; என்விஎம்இ அளவுக்குச் சூடேறாது. மேசைக் கணினி வைத்திருப்போரில் கணிசமானவர்களுக்கு இதுவே சரியான விடை, ஆனால் கடைகளில் யாரும் சொல்வதில்லை. எம்.2 வடிவிலேயே சாட்டா எஸ்எஸ்டிகள் உண்டு என்பதையும் கவனிக்க வேண்டும். என்விஎம்இக்கு மட்டுமான பெட்டியில் அவை தெரியவே தெரியாது. ஆர்டிஎல்9210பி போன்ற சிப் உள்ள பெட்டி இரண்டையும் ஏற்கும்.

5. மின்சாரம் போதாமல் போனால்?

வேகம் குறைந்தால் பொறுத்துக்கொள்ளலாம். எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் கோப்பே போய்விடும். 5 கிகாபிட் டைப்-ஏ போர்ட் தரவேண்டிய மின்னோட்டம் 900 மில்லி ஆம்பியர், அதாவது 4.5 வாட். டைப்-சி போர்ட் 7.5 அல்லது 15 வாட் தரலாம். ஐந்தாறு வாட் இழுக்கும் எஸ்எஸ்டியையும் ஒன்றிரண்டு வாட் இழுக்கும் பிரிட்ஜையும் 4.5 வாட் போர்ட்டில் மாட்டினால், சாதாரண நேரத்தில் ஓடும். மும்முரமாக எழுதும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து பிரிட்ஜ் தன்னை மறுதொடக்கம் செய்துகொள்ளும். கணினிக்கு அது கேபிளைப் பிடுங்கியது போலத்தான். அந்த உச்சங்களைத் தாங்க நல்ல மின்சுற்று வேண்டும். மலிவான பெட்டியில் மிச்சம் பிடிக்கப்படும் இடங்களில் அதுவும் ஒன்று. தனி மின்சாரம் இல்லாத யுஎஸ்பி ஹப்பில் கீபோர்ட், வெப் கேமரா ஆகியவற்றோடு சேர்த்து எஸ்எஸ்டியையும் மாட்டுவது இதை இன்னும் கெடுக்கும்.

விளைவைப் பெரிதாக்குவது கோப்பு முறை. விண்டோஸிலும் மேக்கிலும் ஒருசேரப் பயன்பட வேண்டும் என்று பலர் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்கிறார்கள். அதில் ஜர்னல் கிடையாது. பாதியில் அறுந்த எழுத்தைச் சீர்செய்யும் குறிப்பேடு இல்லை. ஒரே கணினியோடு நிரந்தரமாக இருக்கப்போகும் எஸ்எஸ்டிக்கு விண்டோஸில் என்டிஎஃப்எஸ், மேக்கில் ஏபிஎஃப்எஸ் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

6. பெட்டி போனால் எஸ்எஸ்டியைக் கழற்றி மாட்டினால் போதுமா?

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இது, பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் எப்போதும் அல்ல. சில பிரிட்ஜ்கள் எழுதும் தகவலைத் தாங்களே குறியாக்கம் செய்கின்றன. அந்தப் பிரிட்ஜ் செத்தால், எஸ்எஸ்டி நலமாக இருந்தும் அதிலுள்ளது குப்பை எழுத்தாகவே தெரியும். வேறு சில, குறிப்பாக ஹார்ட் டிஸ்க்குக்கென்று செய்த பழைய டாக்குகள், 512 பைட் செக்டரை 4096 பைட் செக்டராகக் கணினிக்குக் காட்டின. அங்கே ஃபார்மேட் செய்ததை இன்னொரு பெட்டியில் மாட்டினால் பார்ட்டிஷனே காணாமல் போகும், கணினி ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். பதறிப்போய் ஆம் என்று அழுத்தியவர்களின் இழப்பை மலிவு விலை ஈடுகட்டாது.

எஸ்எஸ்டியின் உடல்நலத்தைக் கண்காணிப்பதும் பெட்டியின் கையில்தான். வெப்பநிலை, தேய்மானம், பிழை எண்ணிக்கை ஆகியவற்றைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையைப் பிரிட்ஜ் கடத்தினால்தான் கணினி காண முடியும். அழித்த இடங்களை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் டிரிம் கட்டளையும் யுஎஸ்பியில் அன்மேப் என்ற வேறு வடிவில் போய், பிரிட்ஜில் மாற்றப்பட்டே எஸ்எஸ்டியை அடைகிறது. மாற்றத் தெரியாத பிரிட்ஜ் இருந்தால், மாதங்கள் செல்லச் செல்ல எழுதும் வேகம் தளரும். தண்டர்போல்ட், யுஎஸ்பி4 வழிகளில் எஸ்எஸ்டி கணினிக்கு நேரடிப் பிசிஐஇ சாதனமாகத் தெரிவதால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. அந்தப் பெட்டிகளின் விலைக்கு வேகத்தைவிட இதுவே நல்ல காரணம்.

7. வெளியேதான் வைக்க வேண்டுமா?

பரவலான கருத்து கேட்கவே கேட்காத கேள்வி இது. மேசைக் கணினிக்கு மடிக்கணினியிடம் இல்லாத வசதி ஒன்று உண்டு: கேபினெட்டைத் திறக்கலாம். பல மதர்போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட் காலியாகக் கிடக்கிறது; சாட்டா போர்ட்டுகள் அதைவிட அதிகம். எம்.2 ஸ்லாட் இல்லாத பழைய பலகையிலும் ஒரு பிசிஐஇ ஸ்லாட் இருந்தால், என்விஎம்இயை ஏற்கும் எளிய அடாப்டர் அட்டை சில நூறு ரூபாயில் கிடைக்கும். பிசிஐஇ 3.0-இன் நான்கு தடங்களில் 3500 மெகாபைட் வரை ஓடும். பிரிட்ஜ் இல்லை, கேபிள் இல்லை, மின்சாரக் கவலை இல்லை, கேபினெட் விசிறியின் காற்றும் கிடைக்கிறது. விலை கூடிய 40 கிகாபிட் பெட்டியால் அடைய முடிவதை இது கொஞ்சச் செலவில் தந்துவிடுகிறது. இப்படி இடம் இருக்கும்போது என்க்ளோஷரைப் பரிந்துரைப்பது வாங்குகிறவருக்குச் செய்யும் தீங்கு.

என்க்ளோஷருக்கு உரிய இடம் வேறு. திறக்க முடியாத ஐமேக், மேக் மினி. ஸ்லாட் நிரம்பிய குட்டிக் கணினிகள். அலுவலகம் பூட்டி வைத்த கேபினெட். இரண்டு கணினிகளுக்கிடையே நடமாட வேண்டிய வேலைக் கோப்புகள். எம்4 மேக் மினி இந்தியாவில் வந்தபோது 256 கிகாபைட் மாதிரியின் விலை 59,900 ரூபாய், 512 கிகாபைட்டின் விலை 79,900. 256 கிகாபைட் கூடுதலுக்கு 20,000 ரூபாய் என்ற கணக்குக்கு முன்னால், நல்ல யுஎஸ்பி4 பெட்டியும் அதற்கேற்ற எஸ்எஸ்டியும் சேர்த்து வாங்குவது முழு நியாயம். இப்படிப்பட்டவர் மலிவான பெட்டியை நாடினால், நிரந்தரமாகச் சார்ந்திருக்கப்போகும் வட்டையே பலவீனமான இணைப்பில் தொங்கவிடுகிறார்.

8. நல்ல பிராண்ட் பெயர் போதாதா?

போதாது, ஏனெனில் ஒரே பெயரில், ஒரே மாதிரி எண்ணில் விற்கும் பெட்டிக்குள் சிப் மாறிவிடலாம். மேலட்டை அதைச் சொல்லாது. ஆனால் கண்டறிய வழி இருக்கிறது. யுஎஸ்பி சாதனம் ஒவ்வொன்றும் தயாரிப்பாளர் எண் ஒன்றைக் கணினிக்குச் சொல்கிறது: 152டி என்றால் ஜேமைக்ரான், 174சி என்றால் ஏஎஸ்மீடியா, 0பிடிஏ என்றால் ரியல்டெக். பெட்டி நிறுவனம் இதைத் தன் எண்ணாக மாற்றி எழுதியிராவிட்டால், விண்டோஸில் டிவைஸ் மேனேஜரிலும் மேக்கில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனிலும் தெரியும். இணைப்பு எந்த வேகத்தில் பேசிக்கொண்டிருக்கிறது என்பதை மேக்கின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனிலும், யுஏஎஸ் இயங்குகிறதா என்பதை விண்டோஸின் டிவைஸ் மேனேஜரிலும் பார்க்கலாம்.

வாங்கியவுடன், திருப்பித்தரும் காலம் முடியும் முன், மூன்று சோதனைகள் போதும். எஸ்எஸ்டியின் தற்காலிக இடம் நிரம்பும் அளவுக்கு, நூறு கிகாபைட்டுக்குக் குறையாத கோப்புகளை ஒரே மூச்சில் எழுதி, வேகம் எங்கே விழுகிறது, வெப்பநிலை எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது. பிறகு எழுதியதை மூலத்தோடு செக்சம் வைத்து ஒப்பிடுவது. கடைசியாக, கணினியை உறங்கவிட்டு அரை மணி கழித்து எழுப்பி, வட்டு தானே திரும்ப வந்து நிற்கிறதா என்று பார்ப்பது. இந்த மூன்றாவதில் தோற்கும் பெட்டிகள் பெஞ்ச்மார்க் எண்களில் நன்றாகவே தேறியிருக்கலாம். தோற்றது எதுவானாலும் முதலில் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பார்த்து, அப்போதும் தோற்றால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதுவரை பழைய வட்டிலுள்ள எதையும் அழிக்கக்கூடாது.